நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ல

1

குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அந்த எச்சரிக்கை போத்தலின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இது இந்தியாவின் விதி. நல்ல விதி. எங்கள் வீட்டுப் போத்தலிலும் அது அச்சாகியிருந்தது. எறும்பு வரிசை போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில், கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுக்கு அடியில்.

விதிகளில் எனக்கு நம்பிக்கை அதிகம். அரச மருந்தாளராகச் சேர்ந்து, மாவட்ட மருந்துக் களஞ்சியத்தின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போகும், எத்தனை பிரதி வேண்டும், யார் கையெழுத்துக்கு மேல் யார் கையெழுத்து வர வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கொடைக்கானலுக்கு வந்த பிறகு யாரும் கேட்பதில்லை.

மனைவி இறந்த பின் இலங்கையில் பண்டாரவளை வீட்டைப் பூட்டிவிட்டு மகள் தர்ஷினியிடம் வந்தேன். அவளும் கணவர் செல்வமும் துபாயில் ஒரே ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள். இப்போது இங்கே அட்டுவம்பட்டியில் சுற்றுலாக்காரர்களுக்கு நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஐந்தாவது அறையில் நான். பண்டாரவளையின் அதே குளிர், அதே மூடுபனி, அதே யூக்கலிப்டஸ் வாசனை. என் பாட்டனாரின் தகப்பன் திண்டுக்கல் பக்கத்திலிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாராம். அவர் போனபோது யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. நான் திரும்பி வந்தபோது எல்லோரும் கேட்டார்கள்.

ஆண்டுதோறும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இவர் என் மாமனார், என் வீட்டில் இருக்கிறார், இவருக்கு நான் பொறுப்பு என்று மருமகன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செல்வம் நல்ல பிள்ளை. முகம் சுளிக்காமல் போடுவார். இத்தனை காலம் மற்றவர்களுக்குப் பொறுப்பென்று கையெழுத்திட்டவன், இப்போது இன்னொருவரின் பொறுப்பாக ஒரு கோப்பில் இருக்கிறேன்.

2

எங்கள் ஊரில் தடிமன் என்பதை இங்கே சளி என்கிறார்கள். பாமசி என்று கேட்டால் விழிக்கிறார்கள். மெடிக்கல் என்று கேட்க வேண்டும். போத்தல் என்றால் மருமகன் சிரிப்பார். மூன்றாவது வயதில் இருக்கும் பேத்தி இனியாகூட என்னைத் திருத்துகிறாள்: "பாட்டில் தாத்தா, பாட்டில்."

வந்த புதிதில் அவளுக்கு மூக்கடைப்பு. நான் ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் இறங்கி ஒரு மெடிக்கலில், பிள்ளை மூக்கில் விட உப்புத்தண்ணீர்ச் சொட்டு கேட்டேன்.

"சொட்டு எதுக்கு சார்? இந்த சிரப்பு குடுங்க. ரெண்டே வேளைல நின்னுரும்."

"வயசு கேக்கலியே தம்பி?"

"ஒங்களப் பாத்தாலே தெரியுதே சார், பேரப்புள்ளைக்குத்தான்னு."

பணிவான பையன். என் வயதைச் சரியாகக் கணித்துவிட்டான்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்கிறேன், இங்கே கேட்க ஆளில்லை. சிறு குழந்தையின் தடிமனை எந்தப் பாணியும், அதாவது சிரப்பும், ஒரு நாள்கூடக் குறைப்பதில்லை. அது வந்த வழியே தானாகப் போகும். மருந்து செய்வதெல்லாம் தூங்க வைப்பதுதான். சில பிள்ளைகளை மாறாகத் துள்ள வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். அளவு கொஞ்சம் கூடினால் மூச்சிலேயே கை வைக்கும். ஆகவே தண்ணீர், தாய்ப்பால், கஞ்சி. மூக்குக்கு உப்புத்தண்ணீர். ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும்போது ஒரு தேக்கரண்டி தேன். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பிள்ளை குடிக்க மறுத்தாலோ ஆஸ்பத்திரி. இவ்வளவுதான் மொத்த விஞ்ஞானம்.

இதை வீட்டில் முதன்முதலாகக் கேட்டவர் சம்பந்தி அம்மா, செல்வத்தின் தாயார் தனபாக்கியம். பழனி அடிவாரத்தில் பூஜைத் தட்டுக் கடை வைத்திருப்பவர். மாதத்துக்கு ஒருமுறை பேத்தியைப் பார்க்க பஸ் ஏறி வருவார். வந்தால் சமையலறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பூண்டு உரிப்பார். என்னை முதல் நாளிலிருந்தே அண்ணன் ஆக்கிக்கொண்டவர்.

"ஏண்ணே, ஒங்க ஊர்ல புள்ளைக்குச் சளி புடிச்சா என்னதான் குடுப்பீங்க?"

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணும் குடுக்கத் தேவையில்லை. தானாப் போகும்."

அவர் பூண்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கா இம்புட்டு வருசமாக் கவருமெண்டு ஒங்களுக்குச் சம்பளம் குடுத்துச்சு?"

தர்ஷினி சிரித்தாள். இனியா எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் என்னைக் கேலி செய்யத் துணிந்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் மரியாதை கொடுத்தார்கள். மரியாதையோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேச முடியும்?

இருமும் பிள்ளைக்கு அவர் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருப்பார்: கற்கண்டு, கடலைமிட்டாய், திருநீறு, கதகதப்பான முந்தானை. என்னிடம் இருந்தது 'கொடுக்காதே' மட்டும். பிள்ளை யார் மடிக்குப் போகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

3

இந்த மலையிலிருந்து எந்தச் சாலையும் நேராக இறங்குவதில்லை. பழனிக்குப் போகும் காட் ரோடு ஒரு கயிற்றை வீசி எறிந்ததுபோலக் கிடக்கும். வளைவுக்கு வளைவு பிள்ளைகள் வாந்தி எடுக்கும். முன்பெல்லாம் எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர், கடவுள் ஆகிய மூன்றோடு இறங்கினார்களாம். இப்போது உபாயம் சுருக்கம். வண்டி ஏறுமுன் சளி மருந்து ஒரு மூடி. சளி இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல. பிள்ளை அடிவாரம் வரை அசையாது. எங்கள் களஞ்சியத்தில் பக்க விளைவு என்று எழுதி எச்சரித்ததை இங்கே அதற்காகவே வாங்குகிறார்கள். டாக்சி ஓட்டுநர்களே சொல்கிறார்கள்: "ஒரு மூடி ஊத்திட்டு ஏறுங்கக்கா, சீட்டெல்லாம் நாறிப்போகும்."

இனியா பிறந்தபோது எடை குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிழைத்தால் முதல் முடி உனக்கு என்று தனபாக்கியம் பழனியாண்டவருக்கு நேர்ந்துகொண்டார். ஒவ்வொரு தடையாக வந்து தள்ளிக்கொண்டே போய், இரண்டரை வயதில் நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டுமாம். தாய்மாமன் என்றால் என் மகன். அவன் மெல்பர்னில்.

"லீவு கிடைக்காது அப்பா. வீடியோல காட்டுங்க."

"மடியை வீடியோவில காட்ட முடியாதுடா."

"அப்ப நீங்க இருங்களேன் அப்பா. நீங்களும் அக்காட பக்கம்தானே."

பதில் ஆளாக நியமனம் பெற்றேன். அவன் கடைசியாகத் தமிழில் எனக்கு எழுதியது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு இனியாவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. தனபாக்கியம் ஏற்கெனவே மேலே வந்திருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது அலமாரியிலிருந்த போத்தலை எடுத்து, விலைச் சீட்டை உரித்து, விதியைத் தமிழில் படித்துக் காட்டினேன். தடிமனுக்கும் வேண்டாம், வாந்திக்கும் வேண்டாம், இந்த வீட்டில் இதைப் பாவிக்கக் கூடாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

4

"வெள்ளனே கெளம்பிறணும், வெயிலுக்கு முன்னாடி மொட்டை முடிஞ்சிறணும்" என்று தனபாக்கியம் எல்லோரையும் விரட்டினார். செல்வம் கார் ஓட்டினார். நான் முன்னிருக்கையில், வளைவுகளில் முதலில் வயிறு புரள்வது எனக்குத்தான். பின்னால் தர்ஷினியும், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு தனபாக்கியமும்.

பெருமாள்மலையில் தேநீருக்கு நிறுத்தினோம். நான் இறங்கிக் காற்று வாங்கினேன். செல்வமும் தர்ஷினியும் இறங்கினார்கள். திரும்பி வந்தபோது இனியா அரைத்தூக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு எந்த வளைவிலும் அவள் எழவில்லை, அழவில்லை, வாந்தி எடுக்கவில்லை. பார்த்தீர்களா, மருந்தில்லாமலே இறங்கிவிட்டோம் என்று நான் செல்வத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு "ஆமா மாமா" என்றார். பின்னிருக்கையில் ஒருவரும் பேசவில்லை. தூங்கும் பிள்ளைக்காக அடங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பழனியில் முடி எடுக்கும் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இனியாவை மடியில் வைத்தார்கள். முடி எடுப்பவர் சொம்பிலிருந்து குளிர்ந்த தண்ணீரை எடுத்து அவள் தலையில் தேய்த்தார். எந்தப் பிள்ளையும் அலறும் இடம் அது. சுற்றிலும் அலறிக்கொண்டுதான் இருந்தன. இவள் கண் திறக்கவில்லை.

"என்னங்க இது, தண்ணி பட்டும் முழிக்க மாட்டேங்குது?" என்றார் அவர். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

கன்னத்தைத் தட்டினேன். காதை நிமிண்டினேன். தலை என் முழங்கையில் தொங்கியது. மூச்சு இருந்தது, ஆனால் அடுத்த மூச்சுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஈரத் தலையோடு தூக்கிக்கொண்டு எழுந்தேன். எனக்குக் கால் மரத்திருந்தது என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

5

ஆஸ்பத்திரியில் இளம் பெண் மருத்துவர். பிள்ளையின் கண்மணியில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன குடுத்தீங்க?"

தர்ஷினி பிள்ளையின் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களாம்மா? சும்மா சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் பாக்க முடியும்."

தர்ஷினி மருத்துவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, பிள்ளையின் துணிக்குள் சுற்றி வைத்திருந்த போத்தலை எடுத்தாள். "ஒரு மூடிதான் டாக்டர். கிளம்பும்போது."

ஒரு மூடிக்கு இது அதிகம். எனக்குத் தெரியும், மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் இன்னும் காத்திருந்தார். அப்போதுதான் தனபாக்கியத்தின் முந்தானை ஓரத்தில் இளஞ்சிவப்புக் கறையைக் கண்டேன். பிள்ளையின் வாயைத் துடைத்த கறை.

"சம்பந்தி அம்மா, நீங்களும் குடுத்தீங்களா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பெருமாள்மலைல... நீங்க டீ குடிக்கப் போனப்பண்ணே. எங்கிட்ட ஒரு பாட்டில் வச்சிருந்தேன். ஒங்க பேச்சுக்குப் பயந்து இவ குடுத்திருக்க மாட்டான்னுதான்... புள்ளை மூச்சு விட முடியாமத் திணறுச்சு. ரெண்டு மூடி."

"ஆக மூணு மூடி" என்றார் மருத்துவர், எழுதிக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. அவர் அன்றாடம் கேட்கும் கணக்குப் போலிருந்தது.

கோபம் செல்வத்திடமிருந்து வந்தது. "ஏம்மா, ஒனக்குக் கூறு இருக்கா? எம்புள்ளையக் கொல்லப் பாத்தியா நீ?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தனபாக்கியம் அந்தக் கறை முந்தானையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

படுக்கையில் போட்டு, விரலில் கருவியை மாட்டி, பார்த்துக்கொண்டே இருந்தார்கள். செய்ய வேறொன்றும் இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். பிற்பகலில் இனியா சிணுங்கினாள். பிறகு கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "அப்பத்தா எங்க?" என்றாள்.

அப்பத்தா அங்கே இல்லை. எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

'நீங்களும் குடுத்தீங்களா' என்று எல்லோர் முன்னும் சம்பந்தி அம்மாவை நான் கேட்டிருக்கக் கூடாது என்று பின்னால் தர்ஷினி சொன்னாள். அதை நான் ஏற்கவில்லை. பிள்ளை அந்த நிலையில் கிடந்தால் இன்றும் கேட்பேன், அதே சத்தத்தில். ஆனால் வேறொன்று எனக்கு விளங்கியது. இருவரும் மருந்தை என்னிடமிருந்துதான் ஒளித்தார்கள். என்னிடமிருந்து ஒளித்ததால் ஒருவரிடமிருந்து மற்றவரும் ஒளிக்க வேண்டியதாயிற்று. மற்ற வீடுகளில் ஒருத்தி, "நான் குடுத்துட்டேன் அத்தை" என்று சொல்லியிருப்பாள். ஒரு மூடியோடு போயிருக்கும். எங்கள் வீட்டில் விதி இருந்தது. ஆகவே மூன்று மூடி.

6

அதற்குப் பிறகு தனபாக்கியம் மலை ஏறவில்லை. தொலைபேசியை எடுப்பதில்லை. சாமிக்கே வேண்டாம் போல, அதனால்தான் கத்தியைக் கீழே வைக்க வைத்தார் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாராம். செல்வத்துக்கும் பிடிவாதம். "விட்டுருங்க மாமா. அவங்களா சரியாவாங்க." பெண்ணைக் கொடுத்தவன் அழைப்பில்லாமல் சம்பந்தி வீட்டுப் படி ஏறுவது இங்கே முறையில்லை. முறைகளை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேர்ந்த முடியை வேறு யாரும் தொடக் கூடாது. இனியாவின் தலைமுடி வளர்ந்துகொண்டே போனது. கண்ணில் விழுந்தது, தோளைத் தொட்டது, இரண்டு குடுமியாக முடிந்தார்கள். பால்காரர் கேட்டார், அறைக்கு வந்த விருந்தாளிகள் கேட்டார்கள்: "இன்னும் மொட்டை போடலையா?" அவளே கண்ணாடி முன் நின்று, "அப்பத்தா வந்தா வெட்டுவாங்க" என்று பதில் சொல்லப் பழகினாள்.

வீட்டில் சளி மருந்து இல்லை. விதி முழுமையாக அமலுக்கு வந்துவிட்டது. மறுபடி தடிமன் வந்தபோது உப்புத்தண்ணீர் விட்டோம், பண்ணைக்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் கொடுத்த தேனைக் கொடுத்தோம். சில நாள் இருமினாள், பிறகு நின்றது. தர்ஷினி இப்போது எதையும் என்னைக் கேட்காமல் கொடுப்பதில்லை. அறை வாசலில் நின்று போத்தலைக் காட்டுவாள்.

"அப்பா, இது குடுக்கலாமா?"

"எத்தனை நாளாக் காய்ச்சல்?"

"நேத்துதான்."

"எடை பார்த்து அளவு சொல்லுறேன். உள்ள வாயேன்."

"இல்லப்பா, அடுப்புல கெடக்கு. சொல்லுங்க."

சொல்வேன். போய்விடுவாள். வீட்டுக்குள் எனக்கென்று ஒரு கவுண்டர் அமைந்துவிட்டது. அதன் இந்தப் பக்கத்தில் நான் மட்டும். சமையலறையில் எனக்கு எதிரே இருந்த பலகையில் இப்போது வெங்காயக் கூடையை வைத்திருக்கிறார்கள்.

ஆளில்லாதவன் மனு எழுதுவான். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒன்று எழுதினேன்: மருந்துக் கடைகளில் குழந்தையின் வயதைக் கேட்டு விற்க வேண்டும், காட் ரோட்டுப் பயணத்துக்குச் சளி மருந்து கொடுக்காதீர்கள் என்று பஸ் நிலையத்தில் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். ஆண்டுக் கணக்காகும் என்று எதிர்பார்த்தேன். என் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டு முடித்துவைக்கப்பட்டது என்று விரைவிலேயே பதில் வந்தது. அனுப்பியதும் முடித்ததும் ஒரே வாக்கியத்தில். என் சேவைக் காலத்தில் நான்கூட இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

அதே வாரம் தனபாக்கியத்துக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். மருந்தின் தன்மை, அளவு, விதியின் நோக்கம், அன்று நடந்தவை வரிசையாக, யார் மீதும் குறை கூறாமல். திருத்தமான கடிதம். பதில் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் நினைவூட்டல் எழுதினேன். முதல் கடிதத்தைப் பார்க்கவும் என்று குறிப்பிட்டிருந்தேன். பதில் இல்லை.

7

தைப்பூசத்துக்கு முன்பு ஒரு காலையில், பாதயாத்திரைக்காரர்கள் பெருமாள்மலைப் பக்கம் பாடிக்கொண்டு இறங்குவதாகச் செல்வம் சொன்னார். இனியா ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தானும் பழனிக்கு நடக்கப் போகிறாளாம். அப்பத்தா கடைக்கு. உள்ளே தூக்கி வரும்வரை என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்தக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அறைக்குள் தேடினேன், உண்மையாகவே ஒன்றும் இல்லை.

அன்று மூன்றாவது கடிதம் எழுதினேன். முன் கடிதங்களைப் பற்றி எதுவும் குறிப்பிடவில்லை. பிள்ளை உங்களைக் கேட்கிறாள். முடி தோளைத் தாண்டிப் போகிறது. அன்றைக்கு நீங்களும் தர்ஷினியும் என்னிடம் சொல்லப் பயந்தீர்கள். இனி யாரும் பயப்பட வேண்டாம். எனக்கும் இங்கே பேச ஆளில்லை. இவ்வளவுதான் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது பாதிக் கடிதம் போலிருந்தது. அப்படியே ஒட்டி, நானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டேன்.

பூசம் வந்து போனது. தபால்காரர் தினமும் அறைகளுக்கான மின் கட்டணமும் வங்கிக் காகிதங்களும் கொண்டுவந்தார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டார்: "விசா பேப்பரா சார்?"

"அதுமாதிரித்தான்" என்றேன்.

கடைசியில் வந்தது ஓர் இன்லாண்ட் கடிதம். கையெழுத்து முத்து முத்தாக இல்லை. ஒவ்வோர் எழுத்தும் அழுத்தி, எழுத்துக்கு எழுத்து நின்று மூச்சு வாங்கி எழுதியது. அப்படியே தருகிறேன்.

"அண்ணனுக்கு. மூணு கடுதாசியும் வந்துச்சு. மொத ரெண்டும் படிச்சேன், தல சுத்துச்சு. மூணாவதுதான் வெளங்குச்சு. நீங்க கேட்டதுல தப்பில்ல, அன்னைக்கு நீங்க கேக்காட்டி நான் வாயத் தொறந்துருக்க மாட்டேன். அதத்தான் நெனச்சு நெனச்சு இருக்கேன். மாசி பொறந்ததும் முடி எறக்கிருவோம். மொத நாளே நான் ஏறி வாரேன், செல்வத்துகிட்ட சொல்லிருங்க. புள்ளைக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல, வேணும்னா பைய சோதிச்சுப் பாருங்க. வாந்தி எடுத்தா எடுக்கட்டும். எம்மடியில எடுக்கட்டும். நீங்க கவரு மட்டும் புடிங்க."

மாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தோம்.